ஆஸ்திரேலியாவில் ஓராண்டு: எந்த ஊரில் போய் இறங்குவது?

குலுக்கலில் உங்கள் பெயர் வந்து, ஆஸ்திரேலியாவின் வொர்க் அண்ட் ஹாலிடே விசாவும் கைக்கு வந்துவிட்டது. பிப்ரவரி முதல் வாரத்தில் போய் இறங்க எண்ணியிருக்கிறீர்கள். வயது இருபத்தாறு, கையிருப்பு ஏறத்தாழ ஏழாயிரம் ஆஸ்திரேலிய டாலர், ஓர் உணவகத்தில் ஓராண்டு பரிமாறிய அனுபவமும் உண்டு. நாட்டைப் பார்க்க வேண்டும், செலவு போகக் கொஞ்சம் மிச்சம் பிடிக்க வேண்டும், மனதுக்குப் பிடித்துவிட்டால் இரண்டாம் ஆண்டும் தங்க வேண்டும் என்கிறீர்கள். இதற்குச் சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்றில் எது பொருத்தம் என்பது உங்கள் கேள்வி.

உங்கள் கையிருப்பையும் இறங்கும் மாதத்தையும் வைத்துப் பார்த்தால், அந்த மூன்றில் எதையும் முதல் ஊராகக் கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன். தெற்கே உள்ள அடிலெய்டில் தொடங்கி, ஏப்ரல் இறுதியில் வடகோடியில் உள்ள டார்வினுக்குப் போய், அங்கே டிசம்பரில் தொடங்கும் கோடைக்குச் சிட்னிக்கோ மெல்போர்னுக்கோ வந்து சேருங்கள். இப்படிச் சொல்வதற்கான காரணங்கள் ஊர்களின் அழகைப் பற்றியவை அல்ல. விசாவின் விதிகளையும் அந்த நாட்டின் பருவங்களையும் பற்றியவை என்பதால், அவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் ஆஸ்திரேலியாவில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். அதில் ஏழு ஆண்டுகள் மெல்போர்னிலும் டார்வினிலும் உணவகங்களில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தவன். உங்களைப் போல ஓராண்டு விசாவில் வந்தவர்களை நூற்றுக்கும் மேல் நேர்காணல் செய்திருக்கிறேன். அவர்களில் பலர் தவறான ஊரில் இறங்கி முதல் இரண்டு மாதங்களையும் கையிருப்பையும் இழந்ததைப் பார்த்திருப்பதால்தான், இந்தக் கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் விசா. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடங்கள் மட்டுமே உள்ள இந்த 462 வகை விசா, முதல்முறை நாட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் தங்கவும் வேலை செய்யவும் அனுமதிக்கிறது. அதில் ஊர் தேர்வோடு நேரடியாகத் தொடர்புள்ள நிபந்தனை ஒன்று உண்டு: பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. பயிர், கால்நடை வேலைகளுக்கும், வட பகுதியில் சில துறைகளுக்கும் விலக்கு உண்டு என்றாலும், உங்களுக்கு நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய உணவக, விடுதி வேலைகளில் ஆறாம் மாத முடிவில் இடம் மாற வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே திட்டமிடுவது நல்லது. அதாவது, ஓராண்டை இரண்டு அல்லது மூன்று துண்டாகப் பிரிக்கும்படி விசாவே சொல்லிவிடுகிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி ‘எந்த ஊர்’ என்பதைவிட ‘எந்த ஊர்கள், எந்த வரிசையில்’ என்பதுதான். ஒரே ஊரைத் தேடும்போது எல்லாக் குணங்களும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அப்படி ஓர் ஊர் கிடையாது. வரிசை என்று எண்ணத் தொடங்கினால், அந்தந்த மாதத்தில் எது நன்றாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் ஆண்டைப் பற்றிய விதி இதைவிட முக்கியமானது. இரண்டாவது 462 விசாவுக்கு விண்ணப்பிக்க, முதல் ஆண்டில் குறிப்பிட்ட வகை வேலையைக் குறிப்பிட்ட பகுதிகளில் மூன்று மாதம் செய்திருக்க வேண்டும். முதுகுப்பையோடு குறைந்த செலவில் ஊர் சுற்றும் பேக்பேக்கர்கள் இதை ‘எண்பத்தெட்டு நாள்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்த எண்பத்தெட்டு நாள் என்றாலே வெயிலில் பழம் பறிப்பதுதான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது முழு உண்மையன்று. வட ஆஸ்திரேலியாவிலும், தொலைதூரப் பகுதி என்று வகைப்படுத்தப்பட்ட இடங்களிலும் செய்யும் சுற்றுலா, உணவக, விடுதி வேலைகளும் இந்தக் கணக்கில் சேரும். இங்கே வட ஆஸ்திரேலியா என்பது நார்த்தர்ன் டெரிட்டரி முழுவதும், குயின்ஸ்லாந்து, மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இரு மாநிலங்களில் மகர ரேகைக்கு வடக்கே உள்ள பகுதியும் ஆகும். டார்வின், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், கெய்ன்ஸ், டவுன்ஸ்வில், ஏர்லி பீச், புரூம் எல்லாம் இதற்குள் வருகின்றன. பிரிஸ்பேனும் கோல்ட் கோஸ்டும் வரமாட்டா. பிரிஸ்பேனில் ஒரு காபிக் கடையில் ஆறு மாதம் உழைத்தாலும் இரண்டாவது விசாவுக்கு ஒரு நாள்கூடக் கணக்காகாது; அதே வேலையைக் கெய்ன்ஸில் மூன்று மாதம் செய்தால் இன்னோர் ஆண்டுக்கு வழி பிறக்கும். பரிமாறிய அனுபவம் உள்ள உங்களுக்கு இதைவிடச் சாதகமான விதி இருக்க முடியாது. பதினோராம் மாதத்தில் இதை அறிந்து பதறியவர்களை நான் கண்டிருக்கிறேன். நீங்கள் இறங்குவதற்கு முன்பே அறிந்திருக்கிறீர்கள்.

அடுத்து பணம். ஆஸ்திரேலியாவில் குறைந்தபட்சக் கூலி ஊருக்கு ஊர் மாறுவதில்லை. 2025 ஜூலை 1 முதல் அது மணிக்கு 24.95 டாலர். உங்களைப் போன்றோருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ‘கேஷுவல்’ வேலை, அதாவது நிரந்தரமில்லாமல் தேவைக்கேற்ப அழைக்கப்படும் வேலை. விடுப்பு, நோய்விடுப்பு இவற்றுக்கு ஈடாக அதற்கு 25 சதவீதம் கூடுதல் உண்டு என்பதால் மணிக்கு ஏறத்தாழ 31.19 டாலர் ஆகிறது. ஹோட்டல், பப் போன்ற இடங்களுக்கு உரிய கூலி விதித்தொகுப்பான ஹாஸ்பிட்டாலிட்டி அவார்டின்படி, கேஷுவல் ஊழியருக்குச் சனிக்கிழமை அடிப்படைக் கூலியின் 150 சதவீதமும், ஞாயிறு 175 சதவீதமும், அரசு விடுமுறை நாளில் 250 சதவீதமும் தர வேண்டும். வரியைப் பொறுத்தவரை, இந்த விசாவில் இருப்பவர்களுக்கு முதல் டாலரிலிருந்தே, 45,000 டாலர் வரை, 15 சதவீதம் பிடிக்கப்படும். இப்படி ஆள் எடுப்பதற்காக வரி அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளாத முதலாளி இதைவிட அதிகமாகப் பிடிப்பார் என்பதால், சேரும்போதே அதைக் கேட்டுவிடுங்கள். வாரம் முப்பது மணி நேரம் சாதாரண நாள்களில் வேலை செய்தால் சுமார் 935 டாலர் கூலி, வரி போக ஏறத்தாழ 795 கைக்கு வரும். முதலாளி உங்கள் பெயரில் செலுத்தும் 12 சதவீத ஓய்வூதியப் பணத்தை, அதாவது சூப்பரை, சேமிப்பாக எண்ணிக்கொள்ள வேண்டாம். நாட்டைவிட்டுப் போகும்போது அதில் 65 சதவீதம் வரியாகக் கழிந்துதான் திரும்பக் கிடைக்கும்.

கூலி எங்கும் ஒன்றே என்றால், மிச்சத்தைத் தீர்மானிப்பது வாடகைதான். சிட்னியின் உட்பகுதிகளில், பலர் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கே வாரம் 300 டாலருக்கு மேல் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. இதற்கு மேல் முன்பணமாக நான்கு வார வாடகையும், முதல் இரண்டு வார வாடகையும் ஒரே நாளில் கேட்பார்கள். வேலை கிடைக்கும் வரை, பயணிகள் அறையைப் பகிர்ந்து தங்கும் ஹாஸ்டலின் கட்டணமும் சேரும். ஏழாயிரம் டாலர் என்பது குறைவான தொகையன்று, ஆனால் சிட்னியில் இறங்கினால் எட்டு வாரத்தில் அது கவலைக்குரிய அளவுக்கு வந்துவிடும். பணம் குறையும்போது மனிதர்கள் முதலில் கிடைக்கும் வேலையை, சட்டத்துக்குப் புறம்பான கூலியானாலும், ஏற்றுக்கொள்கிறார்கள். ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நேர்காணலுக்கு வருபவரின் முகத்திலேயே அந்த அவசரம் தெரிந்துவிடும், அதைப் பயன்படுத்திக்கொள்ளும் முதலாளிகளுக்கும் அது தெரியும்.

இனி பருவம். என் பார்வையில் ஊர் தேர்வில் மிகுதியான எடை இதற்குத்தான் தர வேண்டும். தெற்கில் சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டு, ஹோபார்ட், பெர்த் ஆகியவற்றுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். வடக்கே டார்வினிலும் கெய்ன்ஸிலும் ஆண்டு வேறு விதமாகப் பிரிகிறது: ஏறத்தாழ நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம், மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். சுற்றுலாப் பயணிகள் இந்த இரண்டையும் தெளிவாக அறிந்து நடக்கிறார்கள். மே மாதம் பிறந்ததும் தெற்கிலிருந்து குளிருக்குத் தப்பி வடக்கே வரத் தொடங்குகிறார்கள்; அக்டோபர் இறுதியில் திரும்பிவிடுகிறார்கள். வேலைகளும் அவர்களைப் பின்தொடர்கின்றன.

டார்வினில் நான் வேலை பார்த்த உணவகத்தில் ஏப்ரல் நடுவில் பதினான்கு பேராக இருந்த ஊழியர் எண்ணிக்கை ஜூன் மாதத்தில் முப்பதைத் தாண்டிவிடும். மிண்டில் கடற்கரைச் சந்தை ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை நடக்கும்; ஆகஸ்டில் குதிரைப் பந்தயமும் டார்வின் திருவிழாவும் வரும்; ககாடு, லிச்ஃபீல்டு தேசியப் பூங்காக்களுக்குப் போகும் வண்டிகள் நிரம்பி வழியும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து மே இரண்டாம் வாரம் வரை, இரண்டு தட்டை ஒரு கையில் ஏந்தத் தெரிந்த எவரையும் நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை. அதே ஆள் ஜனவரியில் வந்திருந்தால், வேலை இல்லை என்று சொல்வதைத் தவிர எனக்கு வழியிருந்திருக்காது. திறமையில் ஒரு மாற்றமும் இல்லை. வந்த மாதம்தான் வேறு. பிப்ரவரியில் டார்வினில் நேராக இறங்குங்கள் என்று நான் சொல்லாததற்குக் காரணமும் இதுவே. மழையும் புழுக்கமும் ஒருபுறம் இருக்க, பாதிக் கடைகள் நேரத்தைக் குறைத்து நடத்திக்கொண்டிருக்கும்.

இப்போது நீங்கள் பெயர் சொல்லிக் கேட்ட மூன்று ஊர்களுக்கு வருகிறேன். சிட்னியில் வேலை ஆண்டு முழுவதும் கிடைக்கும். துறைமுகமும் கடற்கரைகளும் ஒருவரை முதல் வாரத்திலேயே கட்டிப்போட்டுவிடும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பிப்ரவரி அந்த ஊரில் அறை தேடுவதற்கு மோசமான மாதம். பல்கலைக்கழக ஆண்டு தொடங்கும் நேரமாதலால் மாணவர்கள் எல்லோரும் அதே அறைகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கோடைக்கு எடுக்கும் ஆள்களை அக்டோபர், நவம்பரிலேயே எடுத்து முடித்திருப்பார்கள். மெல்போர்னுக்கும் இந்த இரண்டு குறைகளும் பொருந்தும். ஆனால் அங்கே நிகழ்ச்சிகள் ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கின்றன: ஜனவரியில் டென்னிஸ், மார்ச்சில் கார் பந்தயம், செப்டம்பர் இறுதியில் ஆஸ்திரேலிய ஃபுட்பால் இறுதி ஆட்டம், நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம். இவற்றுக்கு ஓரிரு வார வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிகள் பல உண்டு. காபி போடும் பாரிஸ்டா வேலைக்கு மட்டும் மெல்போர்னைக் குறிவைக்காதீர்கள். அந்த ஊர் தன் காபியை மிகுந்த அக்கறையோடு பார்க்கிறது, இரண்டு நாள் வகுப்பில் வாங்கிய சான்றிதழை யாரும் மதிப்பதில்லை.

பிரிஸ்பேன் இந்த மூன்றில் கையிருப்புக்கு இணக்கமானது. 2024 ஆகஸ்டிலிருந்து குயின்ஸ்லாந்தின் பொதுப் போக்குவரத்தில் எவ்வளவு தொலைவு போனாலும் ஒரு பயணத்துக்கு 50 சென்ட் மட்டுமே என்ற கட்டணம் நடைமுறையில் இருக்கிறது. நகருக்கு வெளியே வாடகை குறைந்த இடத்தில் தங்கி வேலைக்கு வந்துபோவதற்கு இது பெரிய உதவி. 2032 ஒலிம்பிக்கை ஒட்டிக் கட்டுமான வேலைகளும் பெருகிவருகின்றன. நான் சொன்ன அடிலெய்டு வழி உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால், பிரிஸ்பேனில் இறங்கி, ஏப்ரல் இறுதியில் கடற்கரையோரமாகவே சுமார் 1,700 கிலோமீட்டர் வடக்கே கெய்ன்ஸ் வரை போவது இரண்டாவது நல்ல வழி. பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குப் போகும் படகுகள், விடுதிகள், ஏர்லி பீச்சின் பயண நிறுவனங்கள் எல்லாம் அந்தப் பாதையிலேயே உள்ளன.

பெர்த்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு சொல். சுரங்க முகாம்களில் சமையலறை, துப்புரவு வேலைக்கு விமானத்தில் கூட்டிப்போய், சில வாரம் வேலை, ஒரு வாரம் ஓய்வு என்று சுழற்சியில் வைத்திருப்பார்கள். அங்கே சாப்பாடும் அறையும் கிடைக்கும் என்பதால் மிச்சம் பிடிக்க அதைவிடச் சிறந்த வேலை அரிது. ஆனால் மருத்துவப் பரிசோதனை, போதைப்பொருள் சோதனை, காவல்துறைச் சான்று என்று எல்லாம் முடிய நாளாகும். காத்திருக்கும் வாரங்களுக்குக் கையில் பணம் வேண்டும். நாட்டைப் பார்க்க வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கும் அது ஒத்துவராது, ஏனெனில் பெர்த்திலிருந்து அடுத்த பெரிய நகரமான அடிலெய்டுக்கே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஹோபார்ட் மிக அழகான ஊர். டிசம்பர், ஜனவரியில் செர்ரிப் பழம் பறிக்கும் வேலை அங்கே நிறைய உண்டு. குளிர்காலத்தில் அங்கே போக வேண்டாம்.

அடிலெய்டை ஏன் சொல்கிறேன் என்றால், பிப்ரவரியும் மார்ச்சும் அந்த ஊரின் மாதங்கள். பிப்ரவரி நடுவில் தொடங்கி ஒரு மாதம் அடிலெய்டு ஃப்ரிஞ்ச் விழாவும், அதை ஒட்டி அடிலெய்டு கலைவிழாவும் நடக்கும். பூங்காக்களில் தற்காலிக அரங்குகளும் மதுக்கூடங்களும் உணவுக் கடைகளும் முளைத்து, அமைதியான அந்த ஊர் நள்ளிரவு வரை விழித்திருக்கும். அந்த நான்கைந்து வாரத்துக்கு ஆள் போதாது. புதிதாக வந்தவருக்கு இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதைச் சொல்லியாக வேண்டும்: ஆஸ்திரேலியாவில் முதலில் கேட்கப்படும் கேள்வி ‘உள்ளூர் அனுபவம் உண்டா’ என்பதுதான், ஐந்து வாரத் திருவிழா வேலை அந்தக் கேள்விக்கு விடையாகிவிடும், ஒரு மேற்பார்வையாளரின் பெயரும் பரிந்துரைக்குக் கிடைத்துவிடும். அதோடு, நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் மெக்லாரன் வேல், அடிலெய்டு ஹில்ஸ், பரோசா ஆகிய பகுதிகளில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை திராட்சை அறுவடை நடக்கும். மலைப்பகுதியில் ஆப்பிளும் பேரிக்காயும் அதே நேரத்தில் பறிக்கப்படும். திராட்சையைப் பல தோட்டங்களில் இயந்திரமே பறித்துவிடுகிறது என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ஆனால் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுவதும் பயிர் வேலைக்குத் தகுதியான பகுதி என்பதால், அங்கே பறிக்கும் நாள்களும் எண்பத்தெட்டில் சேரும். சிட்னியோடு ஒப்பிட்டால் வாடகை குறைவு, ஊரும் சிறியது. நகர மையத்தைச் சுற்றி மிதிவண்டியிலேயே போய் வரலாம். குறையையும் சொல்லிவிடுகிறேன்: ஏப்ரலுக்குப் பிறகு அங்கே வேலை சுருங்கிவிடும். உங்கள் திட்டத்தில் அதற்குள் நீங்கள் கிளம்பியிருப்பீர்கள்.

அடிலெய்டிலிருந்து டார்வினுக்குச் சாலை ஏறக்குறைய நேராக வடக்கே, சுமார் 3,000 கிலோமீட்டர் போகிறது. கூபர் பீடி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், கேத்தரின் எல்லாம் அந்தச் சாலையில்தான். பெரும் செம்பாறையான உலுருவுக்கு மட்டும் மேற்கே சற்று விலகிப் போக வேண்டும். செலவைப் பகிர்ந்துகொள்ளும் மூன்று நான்கு பேர் ஒரு வண்டியில் ஒரு வாரம் எடுத்துப் போவது வழக்கம். அந்த வாரத்தில் பார்க்கும் செம்மண் நிலம் கடற்கரை நகரங்களில் பத்து ஆண்டு இருந்தாலும் கிடைக்காத அனுபவம் என்று மனதாரச் சொல்வேன். அந்தி மயங்கிய பிறகு மட்டும் ஓட்டாதீர்கள். கங்காருக்கள் சாலைக்கு வருவது அந்த நேரத்தில்தான். உலுருவுக்கு அருகில் உள்ள யூலாராவில் விடுதி வேலைக்கு எடுப்பவர்கள் தங்குமிடமும் தருவார்கள். டார்வின் வரை போகாமல் அங்கேயே மூன்று மாதம் இருந்துவிட்டாலும் எண்பத்தெட்டு நாள் கணக்கு முடிந்துவிடும், செலவழிக்க இடமில்லாததால் மிச்சமும் சேரும். தனிமை ஒத்துக்கொள்ளாதவர்கள் டார்வினுக்குப் போவதே நல்லது.

ஊரைத் தேர்ந்த பிறகு, ஊருக்குள் எந்தப் பகுதி என்பதில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் தவறுகிறோம். சிட்னியின் மேற்கிலும் மெல்போர்னின் தென்கிழக்கிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ளன. தெரிந்தவர் வீடு ஒன்று இருக்கிறது என்பதற்காகவே அங்கே அறை எடுத்துவிடுகிறோம். நானும் முதல் ஆண்டில் அதைத்தான் செய்தேன். வேலை கிடைத்த உணவகத்துக்கும் அறைக்கும் இடையே ரயிலிலும் பேருந்திலுமாக ஒன்றரை மணி நேரம். இரவு பதினொன்றரைக்கு முடியும் ஷிப்டுகளை எனக்குத் தரவில்லை, ஏனெனில் கடைசி ரயிலைப் பிடிக்க நான் பத்தேமுக்காலுக்கே கிளம்ப வேண்டியிருந்தது. இரவு ஷிப்டுகளும் வார இறுதி ஷிப்டுகளும்தான் பணம் தருபவை. அவற்றை இழந்து, மிச்சம் பிடித்த வாடகையைவிட அதிகமான கூலியை மூன்று மாதத்தில் இழந்தேன். அந்தக் குடும்பத்தின் அன்பை நான் இன்றும் மறக்கவில்லை. ஆனால் முதல் பத்து நாள் அவர்களோடு தங்கி, பிறகு வேலைக்கு அருகில் போயிருக்க வேண்டும். மெல்போர்னில் வெள்ளி, சனி இரவுகளில் ரயில் விடிய விடிய ஓடும். மற்ற நாள்களிலும் மற்ற ஊர்களிலும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைப் பார்த்த பிறகே அறைக்குச் சம்மதம் சொல்லுங்கள். வேலை கிடைக்கும் முன் நீண்ட நாள் ஒப்பந்தம் போடவே வேண்டாம். கொடுக்கும் முன்பணத்தை வீட்டுக்காரர் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, மாநில அரசின் பிணைத்தொகை அமைப்பில் கட்ட வேண்டும் என்பது பெரும்பாலான மாநிலங்களில் சட்டம். பகிர்ந்து வாழும் வீடுகளில் இது சில நேரம் மீறப்படுவதால், குறைந்தபட்சம் எழுத்தில் ரசீதாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

மது பரிமாறும் இடத்தில் வேலை செய்ய ஆர்எஸ்ஏ என்ற சான்றிதழ் வேண்டும். இதை இணையத்தில் ஒரே நாளில் முடித்துவிடலாம். ஆனால் நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் மற்ற மாநிலங்களில் வாங்கிய சான்றிதழை அப்படியே ஏற்பதில்லை, தமக்கென்று தனி முறை வைத்திருக்கின்றன. அடிலெய்டும் டார்வினும் முதலில் என்றால் தேசிய அளவில் ஏற்கப்படும் பயிற்சியை முதலில் முடியுங்கள்; சிட்னிக்கோ மெல்போர்னுக்கோ வரும்போது அங்கே தேவையானதைப் பிறகு செய்துகொள்ளலாம். கட்டுமான வேலைக்கான பாதுகாப்புப் பயிற்சி அட்டையான ஒயிட் கார்டு நாடு முழுவதும் செல்லும். ரெஸ்யூமேயைக் கையில் எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நெரிசல் ஓய்ந்த இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் கடைகளுக்கு நேரில் செல்லுங்கள். அதன் மேற்பகுதியில் உள்ளூர்த் தொலைபேசி எண், ஆர்எஸ்ஏ உண்டு என்பது, வாரத்தில் எந்தெந்த நாள் வர முடியும் என்பது ஆகிய மூன்றும் இருக்கட்டும். நான் மேலிருந்து பார்த்த முதல் மூன்று விவரங்கள் அவைதாம், படிப்பு விவரத்தை நான் படித்ததே இல்லை. விசா எத்தனை மாதம் மிச்சமிருக்கிறது என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

பட்டப்படிப்புக்கு ஏற்ற அலுவலக வேலை கிடைக்காதா என்று போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். சிட்னியிலும் மெல்போர்னிலும் மூன்று மாத, நான்கு மாதத் தற்காலிக இடங்களை நிரப்பும் ஏஜென்சிகள் உள்ளன. ஆனால் ஆறு மாத வரம்பு இருப்பதால் பெரும்பாலான நிறுவனங்கள் பயிற்சி கொடுத்துச் சேர்க்கத் தயங்குகின்றன. முதல் மாதங்களை அதற்காகக் காத்திருந்து வீணாக்க வேண்டாம். ஆண்டின் கடைசித் துண்டில், கையில் பணத்தோடும் உள்ளூர்ப் பரிந்துரையோடும் சிட்னிக்கு வரும்போது முயன்று பாருங்கள்.

எண்பத்தெட்டு நாளைக் காட்டி ஏமாற்றுபவர்களும் உண்டு என்பதால் ஓர் எச்சரிக்கை. வேலை தருகிறோம் என்று விடுதிக்கு வரச்சொல்லி, வாரக்கணக்கில் வாடகை மட்டும் வாங்கிக்கொண்டு, வாரத்துக்கு ஒரு நாள் வேலை தரும் இடங்கள் அறுவடைப் பகுதிகளில் இருக்கின்றன. பழம் பறிப்பதில் எடைக்கணக்கில் கூலி தந்தாலும், மணிக்கணக்கில் பார்த்தால் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பது 2022 ஏப்ரல் முதல் விதி. கூலிச்சீட்டு இல்லாத வேலை இரண்டாவது விசாவுக்குக் கணக்காகாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். சம்பளம் வாங்காத தொண்டு வேலையும் அப்படித்தான். ஒவ்வொரு வாரமும் கூலிச்சீட்டைப் படமெடுத்துத் தனியே சேமித்து வையுங்கள். கூலியில் தகராறு வந்தால் ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன் என்ற அரசு அமைப்பிடம் முறையிடலாம். விசாவைக் காட்டி மிரட்டும் முதலாளிக்கு உங்கள் விசாவை ரத்துசெய்யும் அதிகாரம் கிடையாது.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் வரவே வராதீர்கள். அந்நாட்டு அரசின் மருத்துவத் திட்டமான மெடிக்கேர் வசதியைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம் ஆஸ்திரேலியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே இல்லை. வடக்கே ஒரு விபத்து நேர்ந்தால் விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும், அந்தச் செலவு உங்கள் கையிருப்பைப் போலப் பல மடங்கு. காப்பீட்டை எடுக்கும்போது தோட்ட வேலையும் உடலுழைப்பு வேலைகளும் அதில் அடங்குமா என்று பார்த்து எடுங்கள்.

உங்கள் நாள்களை வைத்துச் சொன்னால்: ஃப்ரிஞ்ச் விழாவுக்கு ஆள் எடுப்பது ஜனவரியிலேயே தொடங்கிவிடும் என்பதால், விமானச் சீட்டு எடுத்த கையோடு அந்த விளம்பரங்களுக்கு எழுதத் தொடங்குங்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் அடிலெய்டில் இறங்கி, நகர மையத்தில் உள்ள ஹாஸ்டல் ஒன்றில் பத்து நாளுக்கு மட்டும் இடம் பிடியுங்கள். வரி எண்ணுக்கு முதல் நாளே விண்ணப்பியுங்கள், அது வந்துசேரச் சில வாரம் ஆகலாம். மார்ச் இறுதியில் டார்வின் உணவகங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, ‘ஏப்ரல் 25 அன்று ஊருக்கு வந்துவிடுவேன், அக்டோபர் வரை இருப்பேன்’ என்று தேதியோடு எழுதுங்கள். மேலாளரின் மேசையில் அந்த மாதத்தில் குவியும் கடிதங்களில், வரும் நாளையும் போகும் நாளையும் தெளிவாகச் சொல்பவை மிகச் சிலவே; நான் முதலில் அழைத்தது அவர்களைத்தான்.